கைப்பையில் போட ஒரு குட்டிக் கருவி: கத்தரியா, குறடா?

நூலகத்து மேசை எழுதியது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர் நான். ஆள் நான் ஒருத்திதான். பூட்டைத் திறப்பதிலிருந்து மின்விசிறியின் குமிழை ஒட்டவைப்பது வரை எல்லாம் என் தலையில்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். தினமும் முதல் ஆளாக வந்து நாளிதழ் படிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோது ஒரு பக்கத்துக் காம்பு தனியாகக் கையோடு வந்துவிட்டது. திருகு எங்கோ தெறித்து விழுந்தது. எள்ளளவு திருகு. நானும் அவரும் இன்னும் இரண்டு பேரும் குனிந்து தேடினோம். கடைசியில் பெருக்குமாற்றால் மெல்லக் கூட்டியதில்தான் கிடைத்தது. சரி, திருகுவது எதனால்? என்னிடம் இருந்தது மதியம் வெள்ளரிக்காய் நறுக்கும் கத்தி. அதன் நுனி திருகின் பிளவுக்குள் போகவில்லை. நகத்தால் திருப்பினேன், நகம் உடைந்தது. முடிவில் துளையில் ஒரு குண்டூசியைச் செருகி இரண்டு பக்கமும் மடக்கிக் கொடுத்தேன். "இதுவே போதும் மேடம்" என்று போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தலையங்கத்தைத் தொடர்ந்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அந்த வாரமே பொருட்காட்சிக் கடை ஒன்றில் "பதினொரு கருவி ஒன்றில்" என்று 250 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. வீட்டில் சுவிட்சுப் பெட்டியின் திருகில் வைத்து முதல் திருப்புத் திருப்பினேன். திருகு அசையவில்லை, கருவிதான் முறுக்கிக்கொண்டது. கத்தரி காகிதத்தை வெட்டாமல் இரண்டாக மடிக்கிறது. இப்போது அது மேசைமேல் காகிதம் பறக்காமல் காக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஆகவே இந்த முறை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வந்திருக்கிறேன். என் வேலைகள் இவை: சணல் கட்டி வரும் புத்தகக் கட்டுகளைப் பிரிப்பது, சில நேரம் பிளாஸ்டிக் பட்டை போட்டு வருவதை அறுப்பது, இதழ்களில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுவது, தேதி முத்திரையில் சிக்கிக்கொள்ளும் ரப்பர்ப் பட்டையை நகர்த்துவது, அலமாரியின் நட்டுகள் தளர்ந்தால் இறுக்குவது. பிறகு அந்தக் கண்ணாடித் திருகு.

சிக்கல்கள் மூன்று. இணையத்தில் எல்லாரும் "பாக்கெட்டில் வைத்துக்கொள்ள" என்றே எழுதுகிறார்கள்; சேலைக்குப் பாக்கெட் ஏது? கைப்பையில்தான் போடவேண்டும், அதன் அடியில் விழுந்த பொருள் கிணற்றில் விழுந்த மாதிரி. இரண்டாவது, மாதம் ஒருமுறை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவேன். வாசலில் பையைச் சோதிப்பார்கள். பையில் கத்தி இருந்தால் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? மூன்றாவது, நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போக மனமில்லை.

விக்டோரினாக்ஸ், லெதர்மேன் என்ற இரண்டு கம்பெனிப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உள்ளே போனால் நூறு மாதிரிகள். தலை சுற்றுகிறது.

திருப்பூர் திருப்புளி எழுதியது:

குறடு இல்லாத கருவி கருவியே இல்லை அக்கா. நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பார்ப்பவன். கத்தி எங்கும் கிடைக்கும், கத்தரி தையல்காரரிடம் கேட்டால் கிடைக்கும். இடுக்கிப் பிடிக்கிற இரண்டு தாடை மட்டும் அவசரத்துக்குக் கிடைக்காது. விரலால் பிடிக்க முடியாத இடத்தில் ஒடிந்த ஊசியை எதனால் எடுப்பீர்கள்?

லெதர்மேன் பிறந்ததே இதற்காகத்தான். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது, தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையில் மடக்குக்கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பி, கத்திக்குள் குறடு வைக்கப் பல ஆண்டுகள் உட்கார்ந்தார். 1983இல்தான் கம்பெனி தொடங்கி விற்க முடிந்தது.

என்னிடம் இருப்பது லெதர்மேனின் ஸ்குவர்ட் பி.எஸ்.4. மாமா மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்தான். மூடினால் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை, அறுபது கிராமுக்குள் எடை. குறடு, கத்தரி, கத்தி அலகு, அரம், திருப்புளி எல்லாம் உண்டு. இப்போது தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அதே அளவில் கெர்பர் டைம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். பெரிய லெதர்மேன் வேவ் பக்கம் போகவேண்டாம். அது கால் கிலோவைத் தொடும், உங்கள் பையின் வார் அறுந்துவிடும்.

முள்வாங்கி எழுதியது:

அம்மா, நான் முதுகுளத்தூர்ப் பக்கம். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். ஆயுத விதிகளில் வருவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக்கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் கோயில் வாசலில் நிற்பவரிடம் ஆயுத விதியை வாசித்துக்காட்டிக்கொண்டிருக்க முடியாது. அங்கே போகும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி கருவிக்கு வருவோம். நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. என் பாட்டனார் அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம் கோத்திருந்தார். அதில் முள்வாங்கி, காதுக்குக் குறும்பிவாங்கி, பல்குத்தி என்று மூன்றும் தொங்கும். மடியில் சுருக்குப்பை, அதற்குள் பாக்குவெட்டி. எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் மண்டிய மண். செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறும். ஏறிய முள்ளோடு நடந்தால் உள்ளே ஒடியும், பிறகு பழுத்துத்தான் வெளியே வரும். அதனால் முள்வாங்கி இல்லாமல் அவர் வாசல் தாண்டமாட்டார். என் பெயருக்குக் காரணம் அதுதான். சுவிட்சர்லாந்துக்காரர்களின் விக்டோரினாக்ஸ் கத்தியில் சிவப்புப் பிடியின் ஓரத்தில் முள்வாங்கியையும் பல்குத்தியையும் செருகிவைத்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது பாட்டனார் ஞாபகம்தான் வந்தது.

அந்தக் கத்தி சிப்பாய்க்காகப் பிறந்தது. கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார், 1891இலிருந்து படைக்குக் கத்தி கொடுத்தார். டின் உணவைத் திறக்கவேண்டும், துப்பாக்கியின் திருகைக் கழற்றவேண்டும், அவ்வளவுதான் அப்போதைய தேவை. 1897இல் அதிகாரிகளுக்கென்று இலேசான ஒன்றைச் செய்தார். இரண்டாவது அலகும் பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கும் சுருளும் அதில்தான் வந்தன. எந்தக் கருவியும் யாரோ ஒருவருடைய வேலைப் பட்டியல்தான். நீங்கள் துப்பாக்கியைக் கழற்றப்போவதில்லை. திருப்பூர்த் தம்பி ஒடிந்த ஊசியை எடுக்கிறார். உங்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். "ஐயோ, இப்போது அது இருந்தால்" என்று கை தேடும் ஒவ்வொரு தடவையும் எதைத் தேடியது என்று ஒரு வரி எழுதுங்கள். நூலகரிடம் பதிவேடு போடச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் இரண்டு மாதிரிகளைக் கண்ணால் பார்த்துவையுங்கள். ஒன்று விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்.டி. மூடினால் 58 மில்லிமீட்டர், எடை இருபது கிராம் சொச்சம். சின்ன அலகு, கத்தரி, நக அரம், முள்வாங்கி, பல்குத்தி. அரத்தின் நுனிதான் திருப்புளி. சாவிக்கொத்தில் கோத்துவிட்டால் பையின் அடியில் தொலையாது. அந்தச் சின்னக் கத்தரிதான் அதன் உயிர். என்னுடையதில் கத்தரியின் வில் ஒருமுறை ஒடிந்தது. வில்லை மட்டும் தனியாக வாங்கிப் போட்டேன். மற்றொன்று காம்பாக்ட் என்ற மாதிரி. 91 மில்லிமீட்டர், 64 கிராம். அதை நான் வைத்திருக்கவில்லை, என் மருமகனிடம் இருக்கிறது. அதில் சுருள் ஒன்று உண்டு. நாம் எங்கே தக்கை திறக்கப்போகிறோம் என்று சிரிக்காதீர்கள். அந்தச் சுருளுக்குள் எள்ளுக்குச்சி மாதிரி ஒரு குட்டித் திருப்புளியைத் திருகிவைத்திருப்பார்கள். கண்ணாடித் திருகுக்கென்றே செய்தது. சுருளின் நுனி, இறுகிப்போன சணல் முடிச்சுக்குள் நுழைந்து இளக்கும். பிடிக்குள் ஒரு பேனாவும் ஒரு ஊசியும்கூட ஒளிந்திருக்கின்றன. ஒரு கொக்கியும் இருக்கிறது. அது எதற்கு என்று மருமகனுக்கே தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. இவை பூட்டில்லாத அலகுகள், அதாவது விரித்தபின் மடங்காமல் நிறுத்திப் பிடிக்க உள்ளே எதுவும் கிடையாது. இழுத்து அறுக்கலாம், நுனியால் குத்தக்கூடாது. குத்தினால் அலகு மடங்கி விரல்மேல் விழும். என் இடது ஆட்காட்டி விரலில் இதற்குச் சாட்சி இருக்கிறது.

தேம்ஸ் கரை எழுதியது:

ஐயா சொன்ன பூட்டு விஷயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலகின் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டாமல் மடங்கும் கத்தியை மட்டும்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். அலகு பூட்டிக்கொள்ளும் வகையென்றால் எவ்வளவு சிறிதானாலும் தக்க காரணம் காட்டவேண்டும். குறடு வைத்த பெரிய கருவிகள் பலவற்றில் அலகு பூட்டிக்கொள்ளும். நான் பூட்டில்லாத விக்டோரினாக்ஸில் நின்றுவிட்டதற்குக் காரணம் இதுதான்.

அக்கா எப்போதாவது விமானம் ஏறினால் இதை மட்டும் மறக்கவேண்டாம். அப்பா எனக்குக் கொடுத்த கிளாசிக் சாவிக்கொத்தில்தான் இருந்தது. ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியைப் போட்டுவிட்டுக் கைப்பையோடு சோதனைக்குப் போனேன். சாவிக்கொத்தைத் தட்டில் வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "வழியனுப்ப வந்தவர் யாராவது இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார். வழியனுப்ப வந்த அப்பா அரைமணி நேரம் முன்னரே பஸ் ஏறிவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே நகவெட்டிகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் நடுவே அது கிடந்ததை இன்னும் பார்க்கிறேன். கிளம்பும் முன்னாடியே பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

நூலகத்து மேசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முள்வாங்கி ஐயா, நோட்டு போட்டாயிற்று. பழைய இருப்புப் பதிவேட்டின் பின்பக்கம். இரண்டு வாரம் கழித்து வருகிறேன். திருப்பூர்த் தம்பி, உங்கள் கட்சி ஜெயித்தால் மறைக்காமல் சொல்வேன்.

நூலகத்து மேசை, 16 நாள் கழித்து எழுதியது:

பதிவேடு இதோ. மொத்தம் 31 பதிவுகள்.

17 தடவை கை தேடியது வெட்டுவதற்கு. இதில் அலகே வேண்டும் என்றிருந்தவை ஐந்துதான்: பிளாஸ்டிக் பட்டை மூன்று, பக்கம் பிரிக்காமல் அச்சகத்திலிருந்து மடிப்போடு வந்த புத்தகம் ஒன்று, ஒரு கொய்யாப்பழம். மற்ற 12ம் கத்தரி வேலை. சணல், நூல், பால் பாக்கெட், மாத்திரை அட்டை, ரவிக்கைக் கையில் தொங்கிய நூல், ஒரு குழந்தையின் சட்டையில் கழுத்தைக் குத்திக்கொண்டிருந்த துணிப்பட்டி. கத்தி வாங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேண்டியிருந்தது கத்தரி.

5 தடவை நெம்ப. எல்லாம் ஸ்டேப்ளர் பின். 4 தடவை நுண்ணிய திருகு: அதே பெரியவரின் கண்ணாடி இரண்டு முறை (குண்டூசி கைவிட்டது), சுவர்க்கடிகாரத்தின் மின்கல மூடி, என் கண்ணாடி. 2 தடவை தேதி முத்திரை. இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், வெளியே யாருக்கும் தெரியாது. முத்திரைக்குள் நாள், மாதம், ஆண்டு என்று ரப்பர்ப் பட்டைகள் பக்கம் பக்கமாக ஓடும். மை உலர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நாளைத் திருப்பும்போது மாதமும் கூடவே நகரும். கவனிக்காவிட்டால் அன்று முழுவதும் அடுத்த மாதத் தேதியில் புத்தகம் போகும். இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய நுனியை விட்டுப் பிரிக்கவேண்டும். குண்டூசி வளைகிறது, கத்தி ரப்பரைக் கீறிவிடுகிறது.

2 தடவை சிலாம்பு. பழைய மரப் பெஞ்சைத் தடவியதில் ஒன்று எனக்கு, ஒன்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. ஐயாவின் பாட்டனாரை நினைத்துக்கொண்டேன்.

இறுதியாக, குறடு தேடியது ஒரே ஒரு தடவை. ஆங்கிள் அலமாரியின் நட்டு. தம்பி, அதற்கும் குட்டிக் குறடு போதாது. தெருமுனை சைக்கிள் கடையில் ஸ்பானர் இரவல் வாங்கித்தான் இறுக்கினேன்.

பிறகு பதிவேட்டில் சேராத ஒன்று. வாங்குவதற்கு முன் அந்தக் காம்பாக்டைக் கையில் எடுத்துப் பார்க்க மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். மருமகனுக்குத் தெரியாத கொக்கி எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டேன். சணல் கட்டிய பொட்டலத்தைத் தூக்க என்றார். கட்டின் கயிற்றுக்கு அடியில் கொக்கியை மாட்டி, கத்தியின் பிடியை உள்ளங்கையில் பிடித்துத் தூக்கவேண்டுமாம். 90 கிலோ வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறதாம்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பத்தொன்பது ஆண்டாக, பஸ் நிறுத்தத்திலிருந்து நூலகத்துக்குப் புத்தகக் கட்டுகளைச் சணலைப் பிடித்துத் தூக்கிவருகிறேன். நான்கு விரல்களிலும் குறுக்கே சிவந்த கோடு விழும், மாலை வரை பேனா பிடித்தால் எரியும். கட்டுக்கும் விரலுக்கும் நடுவே கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வேன். இந்தச் சங்கடத்துக்கு எங்கோ ஒரு நாட்டில் யாரோ உட்கார்ந்து கொக்கி செய்திருக்கிறார், இங்கே அது எதற்கு என்றே தெரியவில்லை. என்னுடைய 31 பதிவிலும் இது வரவில்லை, பாருங்கள். வலி பழகிப்போனால் கை எதையும் தேடுவதில்லை போலிருக்கிறது.

வாங்கிவிட்டேன். நாலாயிரத்துக்குள்தான் முடிந்தது.

முள்வாங்கி எழுதியது:

கொக்கிக்கு வழி சொன்னதற்கு நன்றி அம்மா. மருமகனுக்கு இன்றே ஃபோன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பராமரிப்புக்கு இரண்டு வார்த்தை. பழம் நறுக்கினால் அன்றே வெந்நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பது மெதுவாகத் துருப்பிடிக்கும் எஃகு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்து, பையில் உள்ள தூசி முழுவதையும் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். அலகு மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூசாத சொரசொரப்பான விளிம்பில் சாய்த்து இருபுறமும் பத்துப் பத்துத் தடவை இழுங்கள். இந்த எஃகு அதிகம் கெட்டியில்லை, சீக்கிரம் கூர் ஏறும்.

திருப்பூர் திருப்புளி எழுதியது:

31இல் ஒன்று. என் கட்சிக்கு டெபாசிட் போய்விட்டது அக்கா. இருந்தாலும் அந்த நட்டு மறுபடி தளரும், அப்போது பார்க்கலாம்.

நூலகத்து மேசை எழுதியது:

தளர்ந்துவிட்டது தம்பி, முந்தாநாளே. ஆனால் அதற்குள் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று வாங்கி, அந்த அலமாரியின் காலிலேயே சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மிச்சச் சணலைப் புதுக் கத்தரியால்தான் நறுக்கினேன்.

பெரியவரின் கண்ணாடிக்குக் குண்டூசியை எடுத்துவிட்டு முறையான திருகு போட்டாயிற்று. குட்டித் திருப்புளியைச் சுருளிலிருந்து கழற்றும்போது அவர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது நாளிதழையல்ல, கத்தியை. "இது என்ன விலை?" என்றார். சொன்னேன். "அந்தக் குண்டூசியே நன்றாகத்தானே இருந்தது" என்றார்.